பின்னால் நகர்ந்தால் மலை பெரிதாகும்

சுந்தரபாண்டியபுரத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர் காலை ஏழு மணிக்கு வயலில் நின்றுவிட வேண்டும். இது யாரும் போட்ட விதி இல்லை. பூவும் மலையும் சூரியனும் தங்களுக்குள் பேசி வைத்த ஏற்பாடு. சூரியகாந்தி நாள் முழுக்க சூரியனோடு சுற்றிக்கொண்டே இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த ஆட்டமெல்லாம் மொட்டுப் பருவத்தோடு சரி. பூ முழுக்க விரிந்ததும் தலை கிழக்கே பார்த்து நின்றுவிடும். ஊருக்கு மேற்கே குற்றால மலைத்தொடர். ஆகவே காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றால் வயலில் உள்ள அத்தனை பூவும் நம் முகத்தையே பார்க்கும். அவற்றுக்குப் பின்னால் மலை. ஆனி, ஆடி மாதமென்றால் மலை உச்சியில் கருமேகம் குந்தியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்த மழையை மலையே வாங்கிக்கொள்ள, நமக்கு வருவது காற்றும் அவ்வப்போது ஒரு தூற்றலும்தான். வயலில் வெயில், மலையில் இருட்டு. கரும்பலகையில் மஞ்சள் சாக்பீஸால் கிறுக்கினதுபோல் ஒரு காட்சி. மாலையில் வருகிறவர்களுக்குப் பூக்கள் முதுகைக் காட்டும். சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். படம் சரியாக வரவில்லையே என்று செல்போனைக் குறை சொல்லிக்கொண்டு தென்காசிக்குத் திரும்புவார்கள்.

தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவில் இருக்கிற பேரூராட்சி இது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை திருநெல்வேலி மாவட்டத்துக் கணக்கு. இங்கும் பக்கத்தில் சாம்பவர்வடகரை, ஆய்க்குடிப் பக்கமும் சூரியகாந்தி போடுகிறார்கள். விதைத்து இரண்டு மாதத்தில் பூக்கிறது. மூன்று மாதம் கடந்தால் அறுவடை. ஒரு வயல் படத்துக்கு லாயக்காக இருப்பது இடைப்பட்ட கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் ஆரியங்காவுக் கணவாய் இறங்கி, புளியரை தாண்டி, கேரளத்து வண்டிகள் வரிசையாக வருகின்றன. குற்றாலத்தில் குளியல், பிரானூர் பார்டரில் பரோட்டா, சுந்தரபாண்டியபுரத்தில் படம் என்று ஒரு நாள் பயணம் தானாகவே உருவாகியிருக்கிறது. எந்தச் சுற்றுலாத் துறையும் போட்டுக்கொடுத்த திட்டம் அல்ல. படங்கள் போட்டுக்கொடுத்தது.

வயலோரம் நின்றால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். எல்லோரும் பூவை நோக்கி முன்னால் போகிறார்கள். போனால் பூ பெரிதாகத் தெரியும், நியாயம்தான். ஆனால் மலை காணாமல் போய்விடும். செல்போனின் அகலக் கண்ணில், முகத்துக்குப் பக்கத்தில் பூவை வைத்து எடுத்தால், பின்னால் மலை என்பது ஒரு நீலக் கோடு. பூவிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கிறோம் என்று வையுங்கள். மலை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இப்போது அறுபது மீட்டர் பின்னால் நகர்ந்தால் பூ ஏறக்குறைய முப்பது மடங்கு சிறுத்துவிடும். மலையோ இம்மிகூடச் சிறுக்காது. அந்த இடத்திலிருந்து நீள லென்ஸைப் போட்டு இரண்டையும் சேர்த்து இழுத்தால், பூவின் தோளுக்கு மேல் மலை சுவராக எழுந்து நிற்கும். லென்ஸ்தான் மலையைப் பெரிதாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். மலையைப் பெரிதாக்கியது நம் கால். லென்ஸ் செய்தது வெட்டியெடுக்கிற வேலை மட்டும்.

எட்டமும் நீள லென்ஸும் சேர்ந்து இன்னொன்றும் செய்யும். செங்கோட்டைக் கணவாய் வழியே வருகிற காற்றுக்காகச் சமவெளியில் நட்டுவைத்த காற்றாலைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் நிற்பவை. தூரத்திலிருந்து நீள லென்ஸில் வெட்டியெடுத்தால் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். லென்ஸைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு காற்றாலைகூடச் சட்டகத்தில் இல்லாமலும் ஆக்கிவிடலாம். நூறாண்டுக்கு முந்தைய கிராமம்போல ஒரு படம் கிடைக்கும். இணையத்தில் சுற்றுகிற சுந்தரபாண்டியபுரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எனக்குக் காற்றாலை உள்ள படம்தான் பிடிக்கிறது. சாரல் காற்று என்பதைப் படத்தில் காட்ட வேறு வழி என்ன இருக்கிறது? பூ ஆடுவதைக் காட்டலாம் என்றால், இந்தக் காற்றில் ஐந்நூறில் ஒரு விநாடிக்குக் கீழே ஷட்டர் போனால் பூ பூவாக இருக்காது.

இந்த ஊரைச் சட்டகத்துக்குள் முதலில் கொண்டுபோனது சினிமா. மணிரத்னத்தின் 'ரோஜா' 1992 ஆகஸ்டில் வந்தது. நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம் என்று படத்திலேயே பெயர் சொல்லி வரும். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் பச்சையும் தண்ணீரும் ஈர வெளிச்சமுமாக ஒரு தென்பாண்டிச் சீமை தமிழ்நாட்டுக்கு அறிமுகமானது. அதற்குப் பிறகு இங்கே வந்து போகாத படக்குழு குறைவு. 2005இல் ஷங்கரின் 'அந்நியன்' வந்தது. அதில் அண்டங்காக்காப் பாட்டுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் தெரு, வீடு, லாரி, பாறை என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் வண்ணம் பூசினார். வயல்வெளிக்கு நடுவில் நிற்கிற பாறைகளில் தமிழ்த் திரை நாயகர்களின் முகங்கள். வெயிலும் மழையும் தின்றது போக மிச்சமுள்ள முகங்களை இப்போதும் ஜனங்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். 'அந்நியன் பாறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பாறைமேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற நண்பர்கள் உண்டு. வரவில்லை. அது காடு அல்ல, ஊர். ஊரார் பொங்கலுக்குச் சுவரில் வண்ணம் அடிக்கிறவர்கள்தான். கொஞ்சம் பெரிய தூரிகை, அவ்வளவுதான். ஆனால் இடத்தைப் படத்துக்காக மாற்றுவது என்ற பழக்கம் இங்கிருந்து மேற்கே பத்துக் கல் போய் மலையேறினால் கதை வேறு. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் போக அனுமதி தருவதற்கான காரணங்களில் ஒன்றாகப் புகைப்படத்தை முதலிலிருந்தே வைத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம் அதோடு திரைப்படப் பதிவையும் சேர்த்து, வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது, வாழிடத்துக்கோ விலங்குகளுக்கோ கேடு வரக்கூடாது என்று நிபந்தனையும் எழுதியது. குற்றாலம், தென்காசி, கடையநல்லூர், சிவகிரி மலைகளை உள்ளடக்கிய நெல்லைக் காட்டுயிர்ச் சரணாலயத்தின் பரப்பு 356 சதுர கிலோமீட்டருக்கு மேல். சூரியகாந்திக்குப் பின்னால் சுவராக நிற்கிறதே, அந்த நீல மலை, அது வெறும் பின்னணி இல்லை. சோலைமந்தியும் கருமந்தியும் இருவாச்சியும் யானையும் இருக்கிற இடம். மலையடிவாரத்து வடகரைப் பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கேட்டால் யானையைப் பற்றிப் படம் இல்லாமலே நிறையச் சொல்வார்கள்.

வயலுக்கு வருவோம். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து வண்டிப்பாதைக்கே வந்துவிட்டதைப் பார்த்து, வயலுக்குச் சொந்தக்காரர் பேச்சுக் கொடுத்தார். தலையில் துண்டு, கையில் ஒரு பழைய தகர டப்பாவும் குச்சியும்.

"என்ன அண்ணாச்சி, எல்லாரும் உள்ள போறாவ, நீங்க வெளிய போறிய?"

மலை வேண்டும் என்றேன். சிரித்தார்.

"அப்படியே எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு செடிக்கு ஒத்தப் பூதான். செல்பி எடுக்கேன்னு இழுத்து வளைச்சி ஒடிச்சிட்டாவன்னா அந்தச் செடி மாட்டுக்குத்தான். தக்காளியா, இன்னொரு கொப்புல காய்க்கதுக்கு?"

வரப்பில் நின்று எடுத்தால் இருபது ரூபாய் வாங்குகிறாராம். உள்ளே இறங்கினால் ஏச்சு. இருபது ரூபாய் வாங்குவது சரியா என்று கேட்கிற சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள். குற்றாலத்தில் வண்டி நிறுத்தக் கொடுக்கிறபோது கேட்காத கேள்வி. எண்ணெய்க்காக வளர்த்த பயிர் அழகுக்காகவும் கொஞ்சம் சம்பாதித்தால் யாருக்கு நட்டம்? பயிர் செய்கிறவருக்கு அடுத்த வருஷமும் சூரியகாந்தி போடலாம் என்று தோன்றுவது விதையின் விலையைப் பொறுத்தது. ஓணத்துக்குக் கேந்திப்பூ நல்ல விலைக்குப் போகும் என்றால் கேந்தி போடுவார். உள்ளி விலை ஏறினால் உள்ளி. நாம் 'இயற்கை' என்று தலைப்பிட்டுப் போடுகிற படம் ஒரு விவசாயியின் கணக்கு நோட்டில் ஒரு வரி.

பேசிக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று ஒரு கூட்டம் கிளி இறங்கியது. செந்தார்ப் பைங்கிளி. விதை முற்றத் தொடங்கிய வயலோரப் பூவில் ஒன்று தலைகீழாகத் தொங்கி, விதையைப் பிடுங்கி, அலகில் உருட்டி உமியைத் துப்பியது. மஞ்சள்மேல் பச்சை, சிவப்பு அலகு, காலை வெளிச்சம். காட்டுயிர்ப் படம் எடுக்கிறவர்கள் கைநடுங்கக் காத்திருக்கும் காட்சி. நான் கேமராவைத் தூக்கவும் அவர் டப்பாவைத் தட்டவும் சரியாக இருந்தது.

"காசு குடுக்காம உள்ள எறங்குதது இதுவொதான்," என்றார்.

பரிசு வாங்குகிற கிளிப் படங்களில் அந்த டப்பா இருக்காது. வழக்கமான பாணி நமக்குத் தெரியும்: 600 மில்லிமீட்டர் லென்ஸ், திறந்த துளை, பின்னணி முழுவதும் வெண்ணெயாக உருகிப்போக, கண்ணின் வளையம் வரை துல்லியமான ஒரு பறவை. இறகு எண்ணலாம். அந்தப் பறவை சுரண்டையில் இருந்ததா சூரத்தில் இருந்ததா என்று மட்டும் தெரியாது. இந்தப் பாணியை நான் வெறுக்கவில்லை. பறவைமேல் ஒருவருக்கு முதல் காதல் வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட படத்தால்தான். ஆனால் கிளி, பூ, டப்பா, மனிதர், பின்னால் சரணாலயம் என்று எல்லாம் ஒரே சட்டகத்தில் இருக்கும் படம் எனக்கு அதிகம் சொல்கிறது. எடுப்பதும் கடினம். உருகவைத்து மறைக்க முடியாது, எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

இதை அறிந்த ஒருவர் இதே நெல்லைச் சீமைக்காரர். மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கடைசிவரை கறுப்பு வெள்ளையை விடவில்லை. கேமராவையும் கடையில் வாங்கியபடி வைத்துக்கொள்ளவில்லை. வேறு வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு பாரமான கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று கேலியாகப் பெயர் வைத்தார். அவருடைய யானைப் படங்களில் யானை தனியாக நிற்பது குறைவு. புல், புதர், சேறு, கூட்டத்தில் உள்ள மற்ற யானைகள் எல்லாம் இருக்கும். யானையைப் பார்ப்பதுபோலவே யானை வாழும் இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார், நாற்பத்தாறு வருஷம். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று நூலாகத் தொகுத்தார். ஒரு விலங்கின் படத்தைவிட அது எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்ற குறிப்புக்கு அவர் கொடுத்த மதிப்பு இன்றைக்கு நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம்.

அவருக்கும் முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் படகின் முனையில் விளக்கு வைத்து, இரவில் ஏரிக்கரைக்கு வரும் மான்களை எடுத்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகரபிக் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் போட்டபோது, பத்திரிகை படப்புத்தகமாகிவிட்டது என்று நிர்வாகக் குழுவில் இருவர் விலகிக்கொண்டார்களாம். வனத்துறை அதிகாரியாக வட இந்தியக் காடுகளில் இருந்த எப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, கால் பட்டதும் மின்வெளிச்சத்தோடு படம் விழும்படி செய்தார்; 1927இல் புத்தகமாகவும் வந்தது. துப்பாக்கி தூக்கிக்கொண்டு எல்லோரும் போன காலத்தில், புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் வீட்டில் படுத்துத் தூங்கினார்.

அந்தக் கம்பியின் பேரன்தான் இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற தானியங்கிக் கேமரா. கலை என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். சட்டகம் கோணல், வெளிச்சம் தட்டை, பாதி நேரம் காற்றில் ஆடிய இலை. ஆனால் 2018ஆம் ஆண்டு நாடு தழுவிய புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கட்டிய இந்தக் கேமராக்கள் ஏறக்குறைய மூன்று கோடியே 48 லட்சம் படங்களை எடுத்தன. அவற்றில் 76,651 படங்களில் புலி இருந்தது. எந்த இரண்டு புலிக்கும் வரி ஒன்றுபோல் இருக்காது என்பதால், படத்தை வைத்து ஆள் ஆளாகப் பிரித்து எண்ணினார்கள். உலகிலேயே பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று கின்னஸில் ஏறியது. காட்டுக்கு எவ்வளவு காவல், எங்கே சாலை வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போவது சுவரில் மாட்டுகிற புலிப் படத்தை அல்ல. இந்தக் கோணல் படங்களை.

அன்று மதியம் குற்றாலம். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது, கூட்டம் அதைவிட நன்றாக விழுந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி காலத்திலிருந்தே குற்றாலம் என்றால் குரங்கு உண்டு. இப்போது அவற்றுக்கு வாழைப்பழத்தோடு சிப்ஸ் பாக்கெட்டும் பழக்கமாகிவிட்டது. ஒரு இளைஞர் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே மறுகையால் செல்போனை நீட்டினார். அகலக் கண்ணுக்கு முகம் நிறையக் குரங்கு வேண்டுமென்றால் குரங்கு ஒரு முழத்துக்குள் வர வேண்டும்; வர வேண்டுமென்றால் பிஸ்கட் வேண்டும். அது பல்லைக் காட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறது என்றார்கள். நாட்டுக்குரங்கு பல்லைக் காட்டினால் ஒன்று பயந்திருக்கிறது, அல்லது அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. பிஸ்கட்டோடு பையும் போனது.

கூட்டில் எடுக்கிற படங்களும் இதே சங்கதிதான், விளைவு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் மிச்சம். அந்தக் கீறல் வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் ஊட்ட வேண்டும். மரத்தடியில் ஆள் நின்றால் அது இறங்காது. எட்டத்து மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். உள்ளே இருப்பவை பசியோடு கிடக்கும். படம் எடுப்பவருக்கு அன்றைக்கு 'பறவை வரவில்லை', அவ்வளவுதான் தெரியும்.

குற்றாலத்தில் நான் ரசித்துப் பார்த்தது அருவியை அல்ல, சித்திரசபையை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. மூலவரே சுவரோவியமாக இருக்கிற சபை. உள்ளே கேமராவுக்கு வேலை இல்லை என்பது எவ்வளவு ஆறுதல்! கண் பழகும்வரை நிற்கத் தோன்றுகிறது.

தாமிரபரணிப் பக்கம் இன்னொரு காரியம் நடக்கிறது. 2011 முதல் தை மாத வாக்கில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் இதை முன்னின்று நடத்துகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிக் குளக்கரைகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் சும்மா ஆர்வம் உள்ளவர்களும் விடியற்காலையில் நின்று எண்ணுகிறார்கள். அங்கே வருகிற படங்களைப் பார்த்தால் படக்கலைஞர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்: எட்டத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள், நடுவில் கொஞ்சம் பெரிய புள்ளி. அது வரித்தலை வாத்தா, வேறொன்றா என்று முடிவுசெய்ய அந்தப் புள்ளி போதும். எந்தக் குளத்தில் தண்ணீர் நின்ற வருஷம் எந்தப் பறவை வந்தது என்று சொல்ல, வருஷா வருஷம் அதே குளத்தின் அதே மங்கல் படங்கள் வேண்டும்.

தென்காசியிலிருந்து ஒன்றரை மணி நேரம் தென்கிழக்கே போனால் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேர்கிற இடம். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி மருத மரங்கள். கோபுரத்தின் உள்நிலைகளில் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் உண்டு, போர்க்காட்சிகள்கூட வரையப்பட்டிருக்கின்றன. வெளியே மரங்களில் சங்குவளை நாரை, கொக்கு, வக்கா. நான் போனது மாசியில். மரத்தடியில் நின்றால் சட்டை தப்பாது. வீட்டு முற்றமெல்லாம் எச்சமும் மீன்வாடையும். வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம், இது தொல்லையாக இல்லையா என்று கேட்டேன்.

"மருமவ பேறுகாலத்துக்கு வந்தா வீடு அப்படித்தான் கெடக்கும். போனப்புறம் கழுவிக்கிட வேண்டியதுதான்," என்றார்.

2005இல் இந்த ஊர்க்காரர்களே முன்வந்து சம்மதித்ததால் 2.84 ஹெக்டேர் இடம் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. அறிவிப்புக்கு முன்னால் இந்த ஊருக்கென்று புகழ்பெற்ற ஒரு படம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இப்போது லென்ஸோடு ஆட்கள் வருகிறார்கள். மரத்தில் கல்லெறிந்து பறக்கவிட்டு எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டதாகவும், பையன்கள் அவரை ஆற்றங்கரைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகவும் டீக்கடையில் சொன்னார்கள். குளிக்க வைத்தார்களா என்று கேட்டேன். "அது கேமராக்காரவுகளுக்குச் சொல்லுத சங்கதி இல்ல," என்று டீயை நீட்டினார் கடைக்காரர்.